இழு கண்ணு

காரவள்ளி தாண்டி வண்டி கொல்லிமலை ஏறத் தொடங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பாதி வளைவுகள் ஏறுவதற்குள் மேகம் இறங்கிவந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. டிரைவர் பட்டப்பகலில் விளக்கைப் போட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தார். பள்ளத்துக்குள் விழுந்த அந்தச் சத்தம் கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ அடித்த மாதிரி திரும்பி வந்தது.

முன் சீட்டிலிருந்த பைசலுக்கு இந்தப் பாதை புதிதில்லை. அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவன். அவன் அத்தா அமீர் பாஷாவுக்கு அங்கே கடைவீதியில் பாத்திரக்கடை. மகன் கல்யாண வீடியோ எடுக்கக் கிளம்பியபோது அவர், "ஊரான் ஊட்டு விசேசத்துல நின்னுக்கிட்டே சோறு திங்கற பொழப்பு" என்றார். பைசல் அதை மறக்கவேயில்லை. இப்போது அவன் எடுக்கப்போவது கல்யாணம் அல்ல. மலை ஊர்களில் மட்டும் பாடிக்கொண்டு போகும் ஆஷின் சுற்றுப்பயணத்தில் கடைசிக் கச்சேரி. அதைப் படம்பிடித்து, வெட்டி ஒட்டி, முழு வீடியோவாக வெளியிட வேண்டியது பைசலின் பொறுப்பு. இயக்கம் என்று முதல் தடவையாக அவன் பெயர் வரும்.

பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான் ஆஷ். பெற்றவர்கள் வைத்த பெயர் அசோக். கிடாரைத் தூக்கிக்கொண்டு அவன் மேடையேறினால் கல்லூரிப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

"பைசல், பனி வேணும். பனி இல்லாட்டி இந்த மலைக்கு வந்ததுக்கே அர்த்தமில்ல."

"வரும். சாயங்காலம் தானா வரும்."

மலைமேல் குண்டூர் நாட்டுப் பக்கம், காப்பித் தோட்டத்துக்கு நடுவே நின்றது பழைய பங்களா. ஓடெல்லாம் பாசி. சுவரில் கை வைத்தால் ஈரம் கையோடு வந்தது. அழுகிய காப்பிப் பழத்தின் புளித்த வாடை முற்றம் முழுக்க நின்றது. முற்றத்தின் விளிம்பில் நிலம் அப்படியே கீழே இறங்கிப் பள்ளத்தாக்காகிவிடும். அந்தக் காட்சி பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மேடையை அங்கே போடச் சொல்லியிருந்தான் ஆஷ்.

அந்த விளிம்பை ஒட்டி, காப்பிக்கொட்டை ஊறப்போட அந்தக் காலத்தில் கட்டிய ஆழமான சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. மேடை போட வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். உளுத்த பலகை நாலைப் போட்டு அதன் வாயை மூடிவிட்டு, மேலேயே மேடையைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பைசலுக்கு அது தெரியாது. அவன் கேட்கவுமில்லை.

அத்தாயி அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். பங்களாவைப் பெருக்கிச் சுத்தம் செய்ய வருகிறவள். நாற்பது வயது இருக்கும். காற்றடித்தால் சாய்கிற மாதிரி மெலிந்த உடம்பு. எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிட்டாள், ஆஷைக்கூட.

"ஏன் கண்ணு, இம்புட்டுப் பொட்டியும் பாட்டுக்கா?" என்று பைசலிடம் கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்ப வாயி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

மதியம் தாண்டியதும் ஒலிவாங்கிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். மேடைக்கு அடியில் ஒரு மைக் வைக்க வேண்டும் என்பது பைசலின் ஆசை. கூட்டம் ஒன்றாகக் குதிக்கும்போது தரை அதிருமே, அந்தத் தும் தும் என்ற அதிர்வு வேண்டும். அதைப் பாட்டுக்கு அடியில் சேர்த்தால் கேட்பவன் நெஞ்சுக்கூடு நடுங்கும். ஆனால் மேடைக்கும் தரைக்கும் நடுவே முழங்கால் உயரம்தான் இடைவெளி. பைசலுக்குத் தொப்பை.

"அக்கா, நீங்க ஒல்லியா இருக்கீங்க. இத எடுத்துட்டுப் போயி நட்டநடுவுல வெச்சுட்டு வந்துருங்களேன்."

அத்தாயி குனிந்து பார்த்தாள். உள்ளே கும்மிருட்டு.

"பூச்சி பொட்டு கெடக்கப் போவுது கண்ணு."

"நான் இங்கயேதான் நிப்பேன். ஏதாச்சும்னா ஒயர ஆட்டுங்க. இழுத்துக்கறேன்."

அவள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனாள். ஒயர் பைசலின் விரல்களுக்கிடையே வழுக்கி ஓடியது. முதலில் அவள் உள்ளங்கால் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டரைப் போட்டார்கள். மலையே உறுமியது.

"பைசல்! பனி வருது! ட்ரோன எடு!" என்று ஆஷ் கத்தினான்.

பைசல் ஒயரின் நுனியைப் பதிவுக் கருவியில் செருகிவிட்டு ஓடினான். போகிற போக்கில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கருவியில் அந்த மைக்கின் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. மைக் வேலை செய்கிறது. அவனுக்கு அது போதும்.

அத்தாயியை அதோடு மறந்துபோனான்.

கச்சேரி அவன் நினைத்ததைவிட நூறு மடங்கு நன்றாக வந்தது. நாமக்கல்லிலிருந்தும் பேளுக்குறிச்சியிலிருந்தும் பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்திருந்தார்கள். மலைக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார்கள். பனி மேடையேறி ஆஷின் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடைசிப் பாட்டில் ஒரு இடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். ஆஷ் கையை உயர்த்தி, மூச்சுவிடும் நேரம் அப்படியே நிற்பான். கூட்டம் மொத்தமும் வாயடைத்து நின்றது. பிறகு மேளம் விழ, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். மேடைப் பலகைகளின் இடுக்கிலிருந்து தூசி கொட்டியது.

கூட்டம் கலையும்போது தூறல் விழத் தொடங்கியது. இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும் என்ற அவசரம். பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பைசல் மேடைக்கடியில் போன ஒயரைப் பிடித்து இழுத்தான். கொஞ்சம் வந்தது. பிறகு சிக்கிக்கொண்டது. ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தான்.

மறுமுனை இழுத்தது.

லேசாகத்தான். தூண்டிலில் கெண்டைக்குஞ்சு கடித்த அளவு.

பைசல் ஒயரை உதறிவிட்டுப் பின்வாங்கினான். கல்லிலோ வேரிலோ மாட்டியிருக்கும், விட்டதும் துள்ளுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மழை வலுத்தது. கருவியிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தரையில் போட்டான். மேடைக்காரர்களுக்கு வேறு ஊரில் வேலை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்து பிரிப்பார்கள். அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியில் ஏறியதும் பதிவைச் சும்மா ஓட்டிப் பார்த்தான். மேடைக்கடி மைக்கில் குதிக்கிற அதிர்வு அருமையாக விழுந்திருந்தது. அதற்கு நடுவே, மிக மெல்லியதாக, ஒரு பெண் முனகினாள்.

ஹெட்போனை ஆஷிடம் கொடுத்தான். ஆஷ் கேட்டான். முகம் மலர்ந்தது.

"டேய்! பங்களாவுல பேய் இருக்குடா! இத அழிச்சுடாத. மொதல்ல ஒரு சின்ன வீடியோ விடு. கொல்லிமலைப் பேய் எங்க கச்சேரிக்கு வந்துச்சுன்னு போடு. ஊரே பாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பைசலும் சிரித்தான். வண்டி வளைந்து வளைந்து இறங்கியது.

மறுநாள் காலை, பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தன் அறையில் பைசல் தொகுப்பு வேலையைத் தொடங்கியிருந்தான். கீழேயிருந்து அவன் அம்மா ஜொஹ்ரா கூப்பிட்டாள்.

"பைசல், ஒன்னயப் பாக்க மலையிலருந்து ஒருத்தர் வந்திருக்காரு."

வேட்டியெல்லாம் சேறாக, தலையில் துண்டோடு ஒருவர் படியேறி வந்தார். ராத்திரி முழுக்க நனைந்த முகம். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"ஏனுங்க, நான் வேலப்பனுங்க. அத்தாயி ஊட்டுக்காரன். பங்களாவுல கூட்டுவாளே, அவ நேத்து ஊட்டுக்கு வரலீங்க. பேளுக்குறிச்சியில அவ தங்கச்சி ஊடு இருக்குது. உங்க வண்டியில ஏறி எறங்கிட்டாளோன்னு அங்கயும் போய்ப் பாத்தேனுங்க. காணோம்."

"எங்க வண்டியில ஏறலீங்களே."

"கூட்டத்தப் பூரா படம் புடிச்சிருக்கீங்களாமுல்ல. அதுல அவ ஆருகூடப் போறான்னு பாத்துச் சொன்னா, உங்க புள்ளகுட்டி நல்லா இருக்குஞ் சாமி."

"கீழ இருங்கண்ணா. பாத்துட்டுச் சொல்றேன்."

வேலப்பன் கீழே போனார். ஜொஹ்ரா அவருக்கு டீ போட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பைசல் கூட்டத்தின் காட்சிகளை ஓட்டினான். அத்தாயி எதிலும் இல்லை. எங்கே போனாள் இந்த அக்கா? கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தான்.

உள்ளங்கால் ஞாபகம் வந்தது.

கை தானாக மேடைக்கடி மைக்கின் பதிவைத் தொடக்கத்துக்கு இழுத்துப்போனது. ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஜெனரேட்டரின் உறுமல். அதன் அடியில் மண்ணில் உரசும் சத்தம். சேலை சரசரப்பு. "எம்புட்டுத் தூரம் போவோணும் கண்ணு?" என்று தனக்குள் பேசிக்கொள்ளும் குரல்.

மடார்.

பிறகு வெறும் உறுமல். அதன் அடியில் வெகுநேரம் மூச்சு மட்டும்.

"கண்ணு."

பைசல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணு… காலு ஒடஞ்சு போச்சு கண்ணு. ஒயரப் புடிச்சிருக்கேன். இழு."

அவன் பதிவைத் தள்ளினான். முதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடியில் அதே குரல். "நிக்கிறியா கண்ணு? இங்கயேதான் நிப்பேன்னியே." இன்னும் தள்ளினான். கடைசிப் பாட்டு. வாத்தியங்கள் நின்ற அந்த ஒரு மூச்சு நேரம். கூட்டம் மொத்தமும் வாயடைத்து நின்ற இடத்தில், அவள் மட்டும் பேசினாள்.

"இழு கண்ணு."

பிறகு கூட்டம் குதித்தது. மண் கொட்டும் சத்தம். இருமல்.

பதிவின் கடைசியில் ஒயர் உரசியது. அத்தாயியின் குரலில் திடீரென்று உயிர் வந்தது. சிரிக்கிறாளோ அழுகிறாளோ தெரியவில்லை.

"வந்துட்டியா சாமி! புடிச்சுக்கிட்டேன்! இழு, இழு கண்ணு, இழு…"

அதோடு முடிந்தது. அவன்தான் பிடுங்கிப் போட்டிருந்தான்.

பைசல் ஆஷுக்குப் போன் போட்டான். கேட்டதையெல்லாம் சொன்னான்.

"அவ உசுரோட இருப்பான்னு நெனைக்கிறியா?" என்று கேட்டான் ஆஷ்.

"தெரியல. இருக்கலாம். நான் இப்பவே மேல போறேன். அவங்க வீட்டுக்காரரு கீழதான் உக்காந்திருக்காரு."

"பைசல், கேளு. நீ போனா போலீசும் வரும். மைக் வைக்க அவளை உள்ள அனுப்புனது யாரு? நீ. ஒயரப் புடிச்சு விட்டது யாரு? நீ. படம் அதோட முடிஞ்சுது. நீயும் முடிஞ்ச. நான் நம்ம ஆள ஒருத்தன சத்தமில்லாம அனுப்பி வைக்கிறேன். அவன் பாத்துக்குவான். நீ அந்தப் பதிவ அழிச்சுரு. வாயத் தொறக்காத."

ஆள் யாரும் போகப்போவதில்லை என்று பைசலுக்குத் தெரியும். ஆஷின் குரலிலேயே அது இருந்தது. ஆனாலும் அந்தப் பொய்யை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆள் போயிருப்பான். ஆள் பார்த்துக்கொள்வான்.

பதிவை அழித்தான். மற்ற மைக்குகளில் எங்காவது அவள் குரல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடித் தேடித் துடைத்தான். அப்புறம் கீழே இறங்கிப்போனான். வேலப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இல்லீங்கண்ணா. அவங்க எங்க வீடியோவுல எங்கயுமே இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா சாமி?"

"நல்லாப் பாத்தேன்."

வேலப்பன் கும்பிட்டார். "உங்களுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அடுத்த நாள் மேடையைப் பிரித்தபோது தொட்டிக்குள் அத்தாயியைக் கண்டெடுத்தார்கள். ஒயரை மணிக்கட்டில் பல சுற்றுச் சுற்றியிருந்தாள். மைக் வாயருகே இருந்தது. மழைக்கு ஒதுங்கப் போய் விழுந்து, கையில் கிடைத்த ஒயரைப் பிடித்து ஏறப் பார்த்திருப்பாள் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். அவளைத் தூக்கியவர்கள் மட்டும் ஒன்று சொன்னார்கள். உடம்பு இன்னும் விறைக்கவில்லையாம்.

ஒரு மாதத்தில் வீடியோ வெளியானது. பைசல் அதை ஏற்றுவதற்கு முன்னால் வரிக்கு வரி கேட்டுப் பார்த்தவன். சுத்தமாக இருந்தது. அன்று மாலையே ஆஷ் போனில் கத்தினான்.

"கடைசிப் பாட்டுல என்னத்தடா போட்டு வெச்சிருக்க?"

பைசல் ஓட்டினான். வாத்தியங்கள் நின்றன. ஆஷ் கையை உயர்த்தினான்.

"இழு கண்ணு."

பைசல் வீடியோவை எடுத்துவிட்டு, கணினியில் இருந்த சுத்தமான பிரதியைத் திரும்ப ஏற்றினான். ஏற்றிய பிரதியில் அந்தக் குரல் இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. பார்த்தவர்கள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். யார் அந்தப் பின்குரல், என்ன ஒரு வலி, மயிர்க்கூச்செறிகிறது என்று எழுதினார்கள். அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் வெட்டியெடுத்துத் தாளம் சேர்த்தார்கள். கல்லூரி வாசல்களில் பிள்ளைகள் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்து "இழு கண்ணு!" என்று கத்தினார்கள். பேருந்தில், டீக்கடையில், கல்யாண மண்டபத்தில் எல்லார் போனும் அந்தக் குரலில் அடித்தது.

ஆஷ் பயந்தது இரண்டு நாள்தான். ஈரோட்டுக் கச்சேரியில் வாத்தியங்கள் நின்றபோது அவனே மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, பெண்குரலில் முனகினான். "இழு கண்ணு." ஆயிரக்கணக்கான பேர் கண்ணுக்குத் தெரியாத ஒயரைப் பிடித்து இழுக்கிற மாதிரி கைகளை ஆட்டினார்கள். ஆஷ் சிரித்தான். ஓரத்தில் நின்று படம்பிடித்துக்கொண்டிருந்த பைசலும் கேமராவை ஆட்டாமல் பிடித்தான்.

அதற்கு மேல்தான் வீடியோ மாறத் தொடங்கியது.

முதல் பாட்டில் ஆஷின் குரல் தேய்ந்தது. கிடார் அப்படியே இருந்தது, மேளம் அப்படியே இருந்தது. ஆஷ் வாயைத் திறந்து மூடினான். ஆனால் பாட்டு வரவேண்டிய இடத்தில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. அதே வாரம் ஆஷுக்குத் தொண்டை கட்டியது. இரண்டாம் பாட்டிலும் குரல் போனது. ஆஷுக்குப் பேச்சு குழறியது. ஊரிலுள்ள தொண்டை டாக்டர் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். வீடியோவில் பாட்டு பாட்டாக அவன் குரல் போய்க்கொண்டேயிருந்தது. போன இடத்திலெல்லாம் அவள் வந்து உட்கார்ந்தாள். உதடு அவனுடையது. வார்த்தை அவளுடையது.

"நிக்கிறியா கண்ணு?"

பார்த்தவர்கள், இது ஒரு புது உத்தி என்று கொண்டாடினார்கள்.

ஒருநாள் மத்தியானம் ஆஷ் வீடியோ காலில் வந்தான். முகம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. வாயைத் திறந்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க எதையோ சொன்னான். சத்தமே இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னான். கண்ணீர் வழிந்தது. பைசல் காதைப் போனில் ஒட்டிவைத்தான்.

"கண்ணு" என்றது போன்.

அதற்குப் பிறகு ஆஷ் யாருடனும் பேசவில்லை. பேச அவனிடம் ஒன்றுமில்லை.

சித்திரை பிறந்து சேந்தமங்கலத்தில் வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், வேலப்பன் மறுபடியும் படியேறி வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார்.

"பஸ்ஸுல ஒரு பையன் போன் அடிச்சுதுங்க. எங்கூட்டுக்காரி கொரலு."

பைசல் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினான்.

"அவ போட்டோ ஒண்ணுகூட ஊட்டுல இல்லீங்க. அதான், கொரலாச்சும் பூராக் கேட்டுப்புட்டுப் போலாம்னு வந்தேன். போட்டுடுங்க சாமி."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பைசல் வீடியோவை ஓடவிட்டு, ஹெட்போனை வேலப்பனின் காதில் மாட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ம்" என்றார்.

பிறகு, "சரி."

பிறகு, "இல்ல புள்ள, நான் அங்கல்லாந் தேடுனேன்."

பைசல் திரையைப் பார்த்தான். வீடியோ எப்போதோ முடிந்து நின்றுபோயிருந்தது. திரை கறுப்பாக இருந்தது. வேலப்பன் தலையாட்டிக்கொண்டேயிருந்தார்.

கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, வேர்வையைத் துண்டால் துடைத்து, மேசைமேல் வைத்தார். பைசலை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினான் பைசல். இருந்தது இரக்கம். வெட்டப்போகிற ஆட்டுக்குத் தண்ணி காட்டுகிறவன் கண்ணில் இருக்குமே, அது.

"அன்னிக்கு நான் கீழ டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப, அவ உசுரோட இருந்தாளுங்களா?"

பைசல் தரையைப் பார்த்தான்.

"நான் போலீசுக்குப் போறேன்னேனுங்க. வேண்டாங்கறா." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவளே பாத்துக்கறாளாம்."

வாசல்வரை போனவர் நின்றார்.

"குளுருதுங்களாம். ரொம்பக் குளுருதாம். அத மட்டுந்தான் சொல்லிக்கிட்டே இருக்கா. சரி, நான் போயிட்டு வாரேனுங்க."

அவர் காலடிச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது.

பைசல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மின்விசிறி அனல் காற்றை வீசியது. வெளியே யாரோ பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எப்போதும்போல இருந்தது.

முதுகுத்தண்டில் ஈரமாக ஏதோ ஏறியது.

விரல்கள் விறைத்தன. கணுக்காலுக்குக் கீழே உணர்வில்லை. நாசியில் புளித்த காப்பிப்பழத்தின் வாடை. எழப் பார்த்தான், முடியவில்லை. கீழே அம்மா இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டால் போதும். மூச்சை இழுத்து, உயிரைக் கொடுத்து, அம்மா என்று கூப்பிட்டான்.

கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஜொஹ்ரா கையை நிறுத்தினாள்.

"யாரும்மா மேல?"

பதில் வந்தது. தயங்கித் தயங்கி, மரியாதையாக, ஒரு பெண்குரல்.

"அம்மணி… குளுருதுங்க. ஒரு போர்வ குடுங்க."

ஜொஹ்ரா இரக்கமுள்ளவள். யார் என்னவென்று மேலே கேட்காமல், பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துக்கொண்டு படியேறினாள். அறையில் மகனைத் தவிர வேறு யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்துத் தவித்தது, என்னமோ சொல்ல வேண்டும் என்கிற மாதிரி. ஜொஹ்ரா பதறிப்போய்க் கம்பளியைப் போர்த்தி, அவன் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். ஈரமான சிமெண்டைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அல்லா! என்னடா ஆச்சு? பேசு பைசல்!"

பைசல் வாயைத் திறந்தான்.

"இன்னுங் குளுருதுங்க அம்மணி."